எறும்புக்குக் கால்கள் எங்கே முளைக்கின்றன?

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் படத்தையும் பார்க்காமல், நினைவிலிருந்து ஓர் எறும்பை வரையுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. யாருக்கும் காட்டவும் வேண்டாம்.

மூன்று உருண்டைகள் போட்டிருப்பீர்கள். தலை, நடுப்பகுதி, பின்பகுதி. தலையில் இரண்டு உணர்கொம்புகள். அப்புறம் கால்கள். மொத்தம் ஆறு என்பது சின்ன வயதிலேயே படித்ததுதான். ஆனால் அந்த ஆறும் எந்த உருண்டையிலிருந்து கிளம்புகின்றன? பென்சில் தயங்குவது இங்கேதான். நான் முதன்முதலில் வரைந்தபோது நடு உருண்டைக்கு நான்கு, பின் உருண்டைக்கு இரண்டு என்று பங்கு பிரித்துக் கொடுத்தேன். உடம்பைத் தாங்க வேண்டுமே, நியாயமாகத்தான் பட்டது. பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் ஆறு கால்களும் நடுப்பகுதியிலேயே முளைத்திருக்கின்றன. அவ்வளவு பெரிய பின்பகுதியில் ஒரு கால்கூட இல்லை. உணர்கொம்புகளும் நான் வரைந்ததுபோல நேர்க்கோடாக இல்லாமல், முழங்கை மடங்குவதுபோல நடுவில் மடங்கியிருந்தன.

அதுவரை ஆயிரக்கணக்கான எறும்புகளைப் பார்த்திருப்பேன். ஒன்றைக்கூடக் கண்டதில்லை. பார்ப்பதற்கும் காண்பதற்கும் தமிழில் ஒரு மெல்லிய வேறுபாடு உண்டே, அது எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான்.

அறிவியலும் கலையும் சந்திக்கும் இடம் என்று பேச்சு வந்தால் பலருக்கும் நினைவுக்கு வருவது பளபளப்பான விண்வெளிப் படங்கள், அருங்காட்சியகத்து ஒளி அலங்காரங்கள், பாடப்புத்தகத்து வண்ணப் படங்கள். அதாவது விஞ்ஞானி முதலில் கண்டுபிடித்து முடித்துவிடுகிறார். கலைஞர் பிறகு வந்து அதற்கு வண்ணம் பூசுகிறார். இந்தப் படம் முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் சந்திப்பு அதற்கும் வெகு முன்னாலேயே, கண்டுபிடிப்பு நடக்காத கட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது என்பதுதான் நான் இங்கே சொல்லவருவது. பென்சில் நின்ற அந்த இடம்தான் அது. வரைய முயன்றதால் ஒரு கேள்வி பிறந்தது. கேள்வி பிறந்ததால் உற்றுப் பார்த்தேன். உற்றுப் பார்த்ததால் எறும்பு புதிதாகத் தெரிந்தது. இதில் எது கலை, எது அறிவியல் என்று கோடு கிழிக்கச் சொன்னால் எனக்குத் தெரியாது.

வியப்பு என்ற சொல்லையும் கொஞ்சம் திருத்தமாக வைத்துக்கொள்வது நல்லது. உளவியலாளர்கள் கெல்ட்னர், ஹைட் இருவரும் 2003ஆம் ஆண்டு எழுதிய ஆய்வுக் கட்டுரையில் பெருவியப்புக்கு இரண்டு கூறுகள் உண்டு என்றார்கள். ஒன்று, நம்மைவிட மிகப் பெரிதாக ஏதோ ஒன்று எதிரில் நிற்கிறது என்ற உணர்வு. அளவில்தான் பெரிதாக இருக்க வேண்டும் என்றில்லை. இரண்டு, நம் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் வார்ப்புக்குள் அது அடங்க மறுப்பதால், அந்த வார்ப்பையே மாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயம். எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது. வாய் பிளந்து நிற்பது பாதி வியப்பு. மீதிப் பாதி, 'அப்படியானால் நான் இதுவரை நினைத்தது தப்பா?' என்று மனம் தன்னைத் திருத்திக்கொள்வது.

நிலவில் நிழலைக் கண்டவர்

இதற்கு நான் எப்போதும் சொல்லும் கதை 1609ஆம் ஆண்டில் நடந்தது. தொலைநோக்கி அப்போதுதான் வந்திருந்த புதுச் சரக்கு. இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட் என்ற கணித அறிஞர், அந்த ஆண்டு ஜூலையிலேயே அதை நிலவின் பக்கம் திருப்பி, கண்டதை வரைந்தும் வைத்தார். அந்தப் படம் இன்றும் இருக்கிறது. பிறை வடிவம், வெளிச்சமும் இருளும் சந்திக்கும் எல்லையில் கோணல்மாணலான ஒரு கோடு, ஆங்காங்கே சில கீறல்கள். அவ்வளவுதான். அந்தக் கோடு ஏன் கோணலாக இருக்கிறது என்பதற்கு அதில் பதில் இல்லை.

சில மாதங்கள் கழித்து, அதே ஆண்டின் இறுதியில், இத்தாலியில் கலிலியோ அதே நிலவைப் பார்த்தார். அவர் வரைந்தவை பழுப்பு மையைத் தண்ணீரில் கரைத்துத் தீட்டிய படங்கள். அவற்றில் பள்ளங்கள் இருக்கின்றன, மலைகள் இருக்கின்றன. இருண்ட பகுதிக்குள் தனித்தனியே மினுங்கும் வெள்ளைப் புள்ளிகளும் இருக்கின்றன. மலையடிவாரம் இருட்டில் இருக்க, சிகரத்தில் மட்டும் முதல் வெயில் படுகிறது என்று அவர் புரிந்துகொண்டார். விடியற்காலையில் பூமியில் நடப்பது அப்படியே அங்கேயும் நடக்கிறது.

கலிலியோ ஓவியம் பயின்றவர். கோளத்தின் மேல் வெளிச்சம் விழுந்தால் நிழல் எப்படி வளையும், மேடு எந்தப் பக்கம் மின்னும், குழி எந்தப் பக்கம் கறுக்கும் என்பதெல்லாம் அன்றைய ஃபிளாரன்ஸ் நகரத்து ஓவியர்களுக்கு அரிச்சுவடிப் பாடம். பிற்பாடு, 1613இல், அந்நகரத்து ஓவியக் கலைக் கழகம் அவரை உறுப்பினராகவே சேர்த்துக்கொண்டது. நிலவின் முகத்தில் கறுப்புத் திட்டைப் பார்த்ததும் அவர் கண் அதைக் கறை என்று படிக்கவில்லை, நிழல் என்று படித்தது. நிழல் என்றால் அதை விழச்செய்யும் மேடு ஒன்று இருந்தாக வேண்டும்.

இங்கேதான் கதை எனக்கு மிகவும் பிடித்துப்போகிறது. ஓவியர் அந்த இடத்தில் நின்றிருப்பார். கலிலியோ கணக்குப் போட ஆரம்பித்தார். ஒளி எல்லையிலிருந்து நிலவின் விட்டத்தில் இருபதில் ஒரு பங்கு தூரத்தில்கூடச் சில சிகரங்கள் மின்னின. நிலவின் விட்டத்தைச் சுமாராக 2000 இத்தாலிய மைல் என்று வைத்துக்கொண்டார். அப்படியென்றால் ஆரம் 1000 மைல், சிகரம் எல்லையிலிருந்து 100 மைல் தள்ளி. ஒளி எல்லையைத் தொட்டுக்கொண்டு நேராக வரும் சூரியக் கதிர், அந்த 100 மைலைத் தாண்டிச் சிகரத்தின் உச்சியில் படுகிறது. நிலவின் மையம், ஒளி எல்லை, சிகரத்தின் உச்சி மூன்றையும் இணைத்தால் ஒரு செங்கோண முக்கோணம். மற்றது பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் தேற்றம். 1000இன் வர்க்கத்தையும் 100இன் வர்க்கத்தையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் கிட்டத்தட்ட 1005. அதில் ஆரத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது மலையின் உயரம். நான்கு மைலுக்கு மேல் என்று கலிலியோ எழுதினார். ஏணி வைக்காமல், காலடி வைக்காமல், ஒரு நிழலை வைத்து வேற்றுலகத்து மலையை அளந்தாயிற்று.

அவசரப்பட்டு 'கலை தெரிந்தவர் ஜெயித்தார், கணக்கு மட்டும் தெரிந்தவர் தோற்றார்' என்று முடித்துவிட வேண்டாம். ஹாரியட்டின் தொலைநோக்கி முதலில் ஆறு மடங்குதான் பெருக்கிக் காட்டியது. கலிலியோவுடையது ஏறத்தாழ இருபது மடங்கு. கருவியின் பங்கும் பெரிதுதான். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கலிலியோவின் படங்கள் 1610இல் அச்சாகி வெளிவந்த பிறகு ஹாரியட் வரைந்த நிலவில் பள்ளங்கள் வந்துவிட்டன. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த கண்ணுக்கு நிலவு வேறு மாதிரித் தெரிந்திருக்கிறது.

போக்குவரத்து ஒருவழிப் பாதையாகவும் இல்லை. கலிலியோவின் நண்பர் சிகோலி ஓவியர். அவர் 1612 வாக்கில் ரோம் நகரத் தேவாலயம் ஒன்றின் குவிமாடத்தில் மரியாளை வரைந்தபோது, அவர் காலடியில் வழக்கமான வழுவழுப்பான பிறைக்குப் பதிலாகப் பள்ளமும் மேடுமான நிலவை வைத்தார். ஓவியத்திலிருந்து வானியலுக்குப் போன நிழல், சுற்றிக்கொண்டு ஓவியத்துக்கே திரும்பி வந்துவிட்டது.

எல்லாவற்றையும் காட்டாத சாயம்

படம் வரைவது உற்றுப் பார்க்க உதவுகிறது, சரி. படைப்பாற்றல் எங்கே வருகிறது? கண்ணில் படாததை ஊகிக்க வேண்டிய இடத்தில்.

ஸ்பெயின் நாட்டில் 1852இல் பிறந்த ரமோன் இ கஹால், சிறுவயதில் ஓவியராக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர். அப்பா மருத்துவர், பிள்ளையும் மருத்துவம்தான் படிக்க வேண்டும் என்றார். உடற்கூறு கற்றுக்கொடுக்கப் பழைய இடுகாட்டு எலும்புகளை எடுத்துக்கொண்டு வந்தார் அப்பா. பையனுக்கு அவற்றை வரைவதில் ருசி கண்டுவிட்டது. இருவர் பிடிவாதமும் சேர்ந்து ஒரு நல்ல உடன்படிக்கையாக முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

மூளையை நுண்ணோக்கியில் பார்ப்பது அன்றைக்குப் பெரும் தலைவலி. செல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். எல்லாவற்றுக்கும் சாயம் ஏற்றினால் ஒரே கறுப்பு. ஏற்றாவிட்டால் எதுவுமே தெரியாது. 1873இல் இத்தாலியரான கோல்ஜி, வெள்ளி நைட்ரேட்டைப் பயன்படுத்தி ஒரு விசித்திரமான சாயமுறையைக் கண்டுபிடித்தார். அது எங்கோ சில செல்களை மட்டும் பிடித்துக்கொண்டு, அவற்றை நுனி முதல் வேர் வரை கறுப்பாக்கும். மற்றவற்றைச் சீண்டாது. அடர்ந்த காட்டில் பத்து மரங்களுக்கு மட்டும் கிளை கிளையாக வண்ணம் அடித்ததுபோல. பெரும்பாலானவற்றை விட்டுவிட்டதால்தான் அது பயன்பட்டது. வெள்ளைத் தாளில் எதை வரையாமல் விடுவது என்று யோசிக்கும் ஓவியருக்கு இது புதிதாக இருக்காது.

கஹால் 1887இல் இந்தச் சாயம் ஏற்றிய மூளைத் துண்டை முதன்முறை பார்த்தார். பிறகு விடவேயில்லை. முழு வளர்ச்சியடைந்த மூளை சிக்கலாக இருக்கிறது என்று, வளரும் நிலையில் உள்ள பறவைகளின் மூளையை எடுத்துக்கொண்டார். அடர்ந்த காட்டை விட்டுக் கன்றுகள் நிற்கும் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்ததுபோல. நரம்புகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே வலை என்பது அன்றைக்குச் செல்வாக்கோடு இருந்த கருத்து. கோல்ஜியும் அப்படித்தான் நம்பினார். ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனி, ஒன்றின் நுனி இன்னொன்றை நெருங்குகிறதே தவிரக் கலந்துவிடுவதில்லை என்றார் கஹால்.

அவர் வரைந்தவை ஒரு கண்ணாடித் துண்டில் தெரிந்ததன் நகல்கள் இல்லை. நுண்ணோக்கியில் ஒரு நேரத்தில் ஒரு மெல்லிய அடுக்குதான் தெளிவாகத் தெரியும். பல அடுக்குகளையும் பல துண்டுகளையும் மணிக்கணக்கில் பார்த்து, மனத்தில் ஒன்றுசேர்த்து, பிறகு ஒரே படமாக வரைவார். அவர் ஒளிப்படக் கலையிலும் தேர்ந்தவர். அப்படியிருந்தும் பேனாவைத்தான் எடுத்தார். காரணம், அவர் காட்ட விரும்பிய மரம் எந்த ஒரு துண்டிலும் முழுதாக இல்லை. இன்னொன்றும் செய்தார். நரம்பணுவின் எந்த முனையில் செய்தி நுழைகிறது, எந்த முனையில் வெளியேறுகிறது என்று சின்னச் சின்ன அம்புக்குறிகள் போட்டார். செத்துப்போன செல்லில் செய்தி ஓடுவதைப் பார்க்க முடியாது. வடிவத்தை வைத்து அவர் ஊகித்தது அது.

1906இல் நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது. கோல்ஜி தன் ஏற்புரையிலேயே கஹாலின் கருத்தை மறுத்துப் பேசினார். மேடை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டு நரம்பணுக்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை நேரடியாகக் காட்ட எலக்ட்ரான் நுண்ணோக்கி வர வேண்டியிருந்தது; அது 1950களில் நடந்தது. இடைவெளியின் அகலம் சுமார் 20 நானோமீட்டர், அதாவது ஒரு மீட்டரை 100 கோடி பங்காக்கினால் அதில் இருபது பங்கு. பேனா முனை அரை நூற்றாண்டுக்கு மேல் முன்னே போய் நின்றிருக்கிறது.

மாத்திரையும் சூரியகாந்தியும்

இதுவரை சொன்னதெல்லாம் படம் பற்றியே. எல்லாரும் வரைய வேண்டும் என்பதில்லை. தாளம் போடுகிறவர்களும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை. தமிழ் படித்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். சமஸ்கிருத யாப்பில் இதேபோல லகு ஒன்று, குரு இரண்டு. அந்த யாப்பாசிரியர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தது. மொத்தம் இத்தனை மாத்திரை என்று முடிவு செய்துவிட்டால், ஒன்றையும் இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்கி எத்தனை விதமான சந்தங்கள் அமைக்கலாம்?

நீங்களே தொடையில் தட்டிப் பாருங்கள். ஒரு மாத்திரைக்கு ஒரே வழி. இரண்டு மாத்திரைக்கு இரண்டு வழி: இரண்டு சின்னத் தட்டு, அல்லது ஒரு நீளத் தட்டு. மூன்று மாத்திரைக்கு மூன்று. நான்குக்கு நான்காக இருக்கும் என்று தோன்றும்; எண்ணினால் ஐந்து வரும். ஐந்து மாத்திரைக்கு எட்டு. ஆறுக்கு பதின்மூன்று. ஒவ்வோர் எண்ணும் தனக்கு முந்திய இரண்டின் கூட்டுத்தொகை. காரணம் எளிது. சந்தத்தின் கடைசித் தட்டு ஒன்று சின்னதாக இருக்கும், இல்லையேல் நீளமாக இருக்கும். சின்னது என்றால் அதற்கு முன்னால் ஒரு மாத்திரை குறைந்த சந்தங்கள் எல்லாம் வரலாம். நீளமானது என்றால் இரண்டு மாத்திரை குறைந்தவை வரலாம். இரண்டையும் கூட்டினால் விடை. ஹேமச்சந்திரர் 1150 வாக்கில் இதை எழுதிவைத்தார். அவருக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே விரகாங்கர் சொல்லியிருந்தார். 1202இல் முயல் கணக்கு ஒன்றின் வழியாக இதே வரிசையை எழுதிய இத்தாலியர் பிபனாச்சியின் பெயர்தான் உலகம் முழுக்க நிலைத்துவிட்டது. செய்யுளுக்கு அளவு பார்த்தவர்களின் பெயர் பின்தங்கிவிட்டதில் எனக்குச் சின்ன வருத்தம் உண்டு.

இதே எண்கள் சூரியகாந்திப் பூவின் நடுவிலும் இருக்கின்றன. விதைகள் இடப்பக்கமாகவும் வலப்பக்கமாகவும் சுருள் சுருளாக அடுக்கியிருக்கும். எண்ணினால் பெரும்பாலும் ஒரு பக்கம் 34, மறுபக்கம் 55 என்பது போன்ற அடுத்தடுத்த எண்கள் கிடைக்கும். விதிவிலக்குகளும் உண்டு. பூவுக்குக் கணக்குத் தெரியாது. மையத்தில் புதிதாக ஓர் அரும்பு கிளம்பும்போது, முன்பே இருப்பவற்றின் நெருக்கடி எங்கே மிகக் குறைவோ அங்கே கிளம்புகிறது. அப்படிச் செய்தாலே ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 137.5 பாகைக் கோணம் வந்து நின்றுவிடும். 1992இல் துவாதி, கூதே என்ற பிரெஞ்சு இயற்பியலாளர்கள் இதைச் செடியே இல்லாமல் செய்து காட்டினார்கள். காந்தத் தன்மையுள்ள திரவத்தை ஒரு தட்டின் நடுவில் துளித்துளியாக விழவிட்டார்கள். துளிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓரத்தை நோக்கி நகர, அதே சுருள்கள் வந்தன.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இதே வரிசையில் ஓர் எண்ணை அதற்கு முந்தியதால் வகுத்துக்கொண்டே போனால் நெருங்கிவரும் சுமார் 1.618 என்ற எண்தான் 'தங்க விகிதம்'. அதன் பெயரில் இணையத்தில் உலவும் படங்களில் பாதியை நம்ப முடியாது. நாட்டிலஸ் என்ற கடல் உயிரினத்தின் சிப்பி மேல் தங்கச் சுருளைப் பொருத்திக் காட்டும் படம் ரொம்பப் பிரபலம். தங்கச் சுருள் என்பது ஒவ்வொரு கால் சுற்றுக்கும் அந்த விகிதத்தில் விரியும் சுருள்; அதனால் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 6.85 மடங்கு விரிய வேண்டும். நாட்டிலஸ் சுமார் மூன்று மடங்குதான் விரிகிறது. அளந்து பார்த்தாலே சாயம் வெளுத்துவிடும். பழைய கட்டடங்கள், புகழ்பெற்ற முகங்கள் மேலெல்லாம் செவ்வகம் வரைந்து காட்டுவதும் இதே ரகம். கோடு போடுகிறவர் கோட்டை எங்கே தொடங்குவது என்பதைத் தன் வசதிக்கு வைத்துக்கொள்கிறார். அறிவியலுக்கும் கலைக்கும் உறவு தேடுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இது. அந்தச் சிப்பியின் உண்மையான சுருளே போதுமான அழகு. உடம்பு பெரிதாகும்போதும் வடிவம் மாறாமல் வளர்வதால் வரும் சுருள் அது. அதற்குக் கடன் வாங்கிய நகை எதற்கு?

விளக்கினால் அழகு போய்விடுமா?

பழைய மனத்தாங்கல் இது. 1817 டிசம்பரில் லண்டனில் ஓவியர் ஹேடன் வீட்டில் ஒரு விருந்து. கவிஞர் கீட்ஸும் இருந்தார். வானவில்லை நிறம் நிறமாகப் பிரித்து அதன் கவிதையையே நியூட்டன் அழித்துவிட்டார் என்று பேச்சு வந்தது. கடைசியில், நியூட்டன் நலமாக இருக்கட்டும், கணிதம் குழம்பிப் போகட்டும் என்று சொல்லிக் கோப்பை உயர்த்தினார்களாம். ஹேடனே எழுதிவைத்திருக்கிறார். விளையாட்டுப் பேச்சுதான், ஆனால் இன்றும் பலர் மனத்தில் இருப்பது.

எனக்கு நேர்ந்தது இதற்கு எதிர். வானவில்லின் கணக்கு தெரியும் முன் எனக்கு அது வண்ணப்பட்டை, அவ்வளவே. தெரிந்த பிறகு கவனிக்க நிறைய வந்துவிட்டது. சூரியன் எப்போதும் நம் முதுகுப் பக்கம். நம் தலையின் நிழல் எங்கே விழுகிறதோ அந்தத் திசைதான் வில்லின் மையம். அதிலிருந்து சுமார் 42 பாகை தள்ளிச் சிவப்பு. அதனால் சூரியன் 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் தரையில் நிற்பவருக்கு வானத்தில் வில் தெரியாது. உச்சி வெயில் நேரத்து மழையில் வானவில் ஏன் வருவதில்லை என்பது இதனால்தான். சில சமயம் வெளியே இரண்டாவது வில் மங்கலாகத் தெரியும். அதில் நிறங்கள் தலைகீழாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள வானம் மற்ற இடங்களைவிடச் சற்று இருட்டாக இருக்கும். இந்த இருட்டுப் பட்டையை, தேடச் சொல்லும்வரை பெரும்பாலோர் பார்த்திருக்க மாட்டார்கள். இன்னொன்று: ஒரு துளி உங்கள் கண்ணுக்கு ஒரு நிறத்தைத்தான் அனுப்புகிறது. பக்கத்தில் நிற்பவர் பார்ப்பது வேறு துளிகளின் வெளிச்சத்தை. ஆகவே அவருடைய வானவில் வேறு, உங்களுடையது வேறு. இது கவிதையைக் கெடுக்கிறதா கூட்டுகிறதா என்று கீட்ஸிடமே கேட்கலாம்.

இதைக் கண்டுபிடித்த விதமும் அழகு. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்தில் அல் ஃபாரிசியும், ஜெர்மானிய நாட்டில் தியோடரிக் என்ற துறவியும், ஒருவரையொருவர் அறியாமல் ஒரே உபாயத்தைச் செய்தார்கள். மழைத்துளி சிறியது, நிற்காமல் விழுந்துவிடும். ஆகவே கண்ணாடிக் கோளத்தில் தண்ணீர் நிரப்பி, பெரிய ஒரு துளியைத் தாங்களே செய்துகொண்டார்கள். அதில் வெளிச்சம் உள்ளே நுழைந்து வளைவதையும், பின்சுவரில் பட்டுத் திரும்புவதையும், மறுபடி வளைந்து வெளியேறுவதையும் நிதானமாகப் பார்த்தார்கள். பிடிக்க முடியாத ஒன்றைக் கைக்கு அடக்கமாகச் செய்துபார்ப்பது சிற்பிக்கும் தெரிந்த வேலைதான்.

இன்றைக்கே ஒன்று செய்து பார்க்கலாம்

உணவுப் பாத்திரங்களை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஓர் அகலமான கிண்ணத்தின் வாயில் மேளத்தோல் மாதிரி இறுக்கிக் கட்டுங்கள். மேலே தூள் உப்பைப் பரவலாகத் தூவுங்கள். வாயைக் கிட்டே கொண்டுபோய், ஆனால் ஊதிவிடாமல், ஒரே சுருதியில் 'ம்ம்ம்' என்று முனகுங்கள். மெல்ல மெல்லச் சுருதியை ஏற்றுங்கள். ஏதோ ஒரு சுருதியில் உப்பு திடீரென்று துள்ளி, சில கோடுகளில் போய் ஒதுங்கும். அதிராமல் நிற்கும் இடங்கள் அவை.

ஜெர்மானியரான கிலாட்னி இதைத்தான் பித்தளைத் தகட்டில் மணலைத் தூவி, தகட்டின் விளிம்பை வயலின் வில்லால் தேய்த்துச் செய்தார். 1787இல் அந்த உருவங்களை வெளியிட்டார். பிறகு ஊர் ஊராகச் சென்று காட்டினார். 1809இல் நெப்போலியனுக்கும் காட்டினார். உருவம் ஏன் இப்படி வருகிறது என்று கணிதத்தில் விளக்குபவருக்கு பாரிஸ் அறிவியல் கழகம் பரிசு அறிவித்தது. பெண் என்பதால் கல்லூரி வாசலை மிதிக்க முடியாமல், ஆண் பெயரில் கடிதம் எழுதிக் கணிதம் கற்ற சோஃபி ஜெர்மேன் மூன்றாவது முயற்சியில் 1816இல் அதைப் பெற்றார். அவர் விளக்கத்திலும் குறைகள் இருந்தன. பின்னால் வந்தவர்கள் சரிசெய்தார்கள். வயலின் செய்கிறவர்களில் பலர் இன்றும் பலகையின் மேல் தூளைத் தூவி, அது எங்கே ஒதுங்குகிறது என்று பார்த்து, எந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் சீவலாம் என்று முடிவு செய்கிறார்கள்.

உங்கள் கிண்ணத்தில் இவ்வளவு துல்லியமான உருவம் வராது. தாளின் இறுக்கம் ஒரு பக்கம் கூடியிருக்கும், உப்பு ஒரு மூலையில் குவியும், நடுவில் மூச்சு முட்டும். பரவாயில்லை. பக்கத்தில் தாளையும் பென்சிலையும் வைத்துக்கொள்ளுங்கள். உப்பு ஒதுங்கியதும் முனகலை நிறுத்தி, அந்த உருவத்தை வரையுங்கள். அடுத்த சுருதிக்குப் போகும் முன், இனி என்ன உருவம் வரும் என்று ஊகித்து அதையும் பக்கத்திலேயே வரைந்துவிட்டு, பிறகு முனகுங்கள்.